பத்தால் வகுத்த மரப்பு

...அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை, விழுந்துகொண்டிருந்த லிஃப்டை இடதுகால் கட்டைவிரலால் நிறுத்தியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான், பதினொன்றாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில், உள்ளே ஏழு பேர், ஒரு மர பீரோ, பீரோவுக்குள் பயந்துபோய் ஒளிந்துகொண்ட எட்டாவது ஆள் வேறு, கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்தினேன், லிஃப்ட் நின்றது, எட்டாவது ஆள் பீரோவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மணி என்ன என்று கேட்டான்... நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த சலூன்காரர் சிரிக்கத் தொடங்கிவிட்டார், சிரிப்பு இருமலாகி, இருமல் அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயை ஆட்டியது, ஐயோ பாவம், சிரிக்க வைத்ததே தப்போ என்றுகூடத் தோன்றியது, ஆனால் இந்த அறையில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு கம்பம், பன்னிரண்டு மருந்துப் பை, சிரிப்புக்கென்று தனியாக ஒரு கம்பம் கிடையாது, யாராவது ஏற்றித்தானே ஆகவேண்டும். என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் யார் முதலில் கத்தியது என்று சொல்லக்கூடியவள், இப்போதும் கண்ணை எடுக்காமலேதான் சொன்னாள், "தம்பி, ஏழு பேரைப் பத்தால வகுத்துப் பாருங்க, முக்கால் ஆள்கூட தேறாது. அதைத்தான் இவர் காப்பாத்தினாரு." சலூன்காரர் விடவில்லை, "அப்ப அந்த பீரோ அக்கா?" "கைப்பிடி மட்டும் நெஜம்." எல்லோரும் சிரித்தோம், நானும்தான், சிரித்தபடியே தொடையைத் தட்டப் போனேன், தட்டமுடியவில்லை, இரண்டு கையும் உறைந்த கையுறைக்குள் இருந்தன.

கையுறை என்றால் ஏதோ துணிக் கையுறை என்று நினைத்துவிடக்கூடாது, குத்துச்சண்டைக்காரன் மாட்டுவதுபோலத் தடித்த நீல உறை, உள்ளே ஏதோ கூழ், அதை இரவெல்லாம் உறைய வைத்து எடுத்து மாட்டிவிடுகிறார்கள், காலுக்கும் அதேபோல ஒரு ஜோடி, அடியில் மெல்லிசாகப் பருத்தி உறை, இல்லாவிட்டால் தோல் கன்றிவிடும். மருந்து ஏறுவதற்குக் கால்மணி முன்னால் ஆரம்பித்து, ஏறுகிற ஒரு மணி நேரமும் இருந்து, முடிந்த பிறகும் கால்மணி. முதல் ஐந்து நிமிடம் எலும்பை யாரோ கடிப்பதுபோல இருக்கும், பத்தாவது நிமிடம் கை என்னுடையதா பனிமலையினுடையதா என்று சந்தேகம் வரும், பதினைந்தாவது நிமிடம் சந்தேகம்கூட உறைந்துவிடும். எதற்கு இந்த வதை என்று முதல் வாரமே கேட்டேன். மருந்து போடும் சிஸ்டர், சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே எப்போதும் தூக்கம் பாக்கி இருக்கும், பொறுமையாகச் சொன்னாள், "குளிர்ந்தா ரத்தக்குழாய் சுருங்கும் ஐயா, விரல் நுனிக்கு ரத்தம் குறைவா போனா மருந்தும் குறைவா போகும், அங்க இருக்கிற நரம்பு தப்பிக்கும். எல்லா மருந்துக்கும் இது ஒத்துக்காது, உங்க மருந்துக்குச் செய்யலாம். உறுதியெல்லாம் சொல்ல முடியாது. சிலருக்குக் காப்பாத்துது, சிலருக்கு இல்ல." எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது, ஏனென்றால் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. என்னால் ஒருநாளும் முடியாத காரியம் அது... முடியாததா, செய்யாததா? இரண்டும் வேறு. இந்த வித்தியாசம் இத்தனை வயதுக்கு மேல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்குப் பெரிதாக வந்து நிற்கும் என்று யார் கண்டது.

உண்மையைச் சொன்னால், அந்த லிஃப்டில் இரண்டே பேர். உள்ளே ஒரு அம்மா, கையில் ஒரு பை, இன்னொரு ஆள் நான். நான் லிஃப்ட் கூண்டின் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தேன், பராமரிப்பு வேலை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு, மேற்பார்வையாளர் பார்த்தால் சீட்டைக் கிழித்துவிடுவார், ஆனால் எனக்கு அப்படி நின்றால்தான் வேலை ஓடும். லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தில் எந்த மாடியில் இணைப்பு தூக்கியிருக்கிறது, எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எல்லாம் உள்ளங்காலில் வந்து சொல்லிவிட்டுப் போகும். அன்றைக்கு ஏதோ ஒன்று கட்டைவிரலுக்கடியில் முடி அறுந்ததுபோலத் துள்ளியது, ஒரே ஒரு தடவை, நான் நிறுத்தும் பித்தானை அழுத்தினேன், கம்பிவடத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன், நான்காவது புரியில் ஏழு இழை அறுந்திருந்தது. அவ்வளவுதான். அந்த அம்மா படியில் இறங்கிப் போனாள், திட்டிக்கொண்டே. வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன், கல்யாணமான புதிது, "காலால கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டு இவள் சிரித்தாள், அழகான சிரிப்பு, ஆனால் நம்பவில்லை. உள்ளதைச் சொல்லி நம்பாவிட்டால் கொஞ்சம் இல்லாததையும் சேர்த்துப் பார்ப்போமே என்று அடுத்த தடவை மூன்று பேரை ஏற்றினேன், அதற்கடுத்த தடவை ஐந்து, மகள் பிறந்து வளர்ந்து கதை கேட்கும் வயது வந்தபோது பீரோ வந்துவிட்டது. பெரிய கதைக்கு அவர்கள் நம்பாமல் சிரித்தார்கள், சின்ன உண்மைக்கும் நம்பாமல்தான் சிரித்தார்கள், எதில் சிரிப்பு அதிகமோ அதைத்தானே மனுஷன் செய்வான்? பத்தால் வகுக்கிற விதி அப்போது வந்ததுதான். இவள் போட்ட விதி. மகள் அதற்கு அப்பா கணக்கு என்று பெயரே வைத்தாள், தொலைபேசியில் இப்போதும் அம்மாவிடம் கேட்பாள், அப்பா என்ன சொன்னார், வகுக்காமலா வகுத்தா என்று.

ஆனால் ஒன்று இவர்கள் யாருக்கும் தெரியாது, எப்படித் தெரியும், வேலையிடத்துக்கு யாரும் வந்ததில்லை. என் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரி பொய் கிடையாது. பிரேக் கட்டையின் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் அரைதான், புள்ளி ஐந்தைப் புள்ளி ஆறு என்று ஒருநாளும் எழுதினவனில்லை, அந்தக் கையெழுத்தை நம்பி ஊரே மேலேயும் கீழேயும் போய் வருகிறதே. வாயில் எட்டுப் பேர், பதிவேட்டில் இரண்டு பேர். இது என் சுபாவம், யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை, விளக்கினால் அதையும் வகுத்துவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ. முதல் வாரம் இந்த சிஸ்டர் ஒரு நோட்டைக் கொடுத்தாள், மெல்லிய பச்சை அட்டை, வாரத்துக்கு ஒரு வரி, கை, கால், தனித்தனிக் கட்டம், மரப்போ எறும்பு ஊர்வதோ எரிச்சலோ இருந்தால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண், "சரியா சொல்லணும் ஐயா. குறைச்சும் சொல்லாதீங்க. முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் மருந்தோட அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம். ரொம்பப் போயிடுச்சுன்னா அந்த நரம்பு எல்லாம் திரும்பி வராது." நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பதிவேடு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயந்திரமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகச் சுவரில் வைத்து அழுத்தி, கால்விரல்களை ஈரத்தரையில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று அளந்துவிட்டுத்தான் வெளியே வருவேன், வாரக் கடைசியில் எண்ணைச் சொல்வேன், அவள் எழுதுவாள். ஏன் அவள் எழுதுகிறாள் என்றால் ஏழாவது வாரம் பென்சில் என் கையில் நிற்கவில்லை. அதையும் சொன்னேனே, "பென்சில் வழுக்குது" என்று, "வேலை செய்யச் சோம்பல்" என்று அவள் வாங்கிக்கொண்டாள், அதற்கு முன்னால் நானே ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல்.

இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் சிஸ்டர் நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாள், "ஏழாவது வாரம் கை அரை, கால் அரை... போன வாரம் கை ஒண்ணு, கால் ஒண்ணு. ரொம்ப நல்லா இருக்கு ஐயா, இந்த மருந்துல ஒன்பதாவது வாரம் வரைக்கும் இப்படி இருக்கிறவங்க குறைவு." அரையா? நான் நாலு சொன்னேன். ஒன்றா? நான் ஆறு சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆறு என்று சொல்லிவிட்டு ஐந்தரையாக இருக்குமோ என்று மறுபடி குளியலறைக்குப் போய் அளந்துவிட்டு வந்து ஆறுதான் என்று உறுதிசெய்தேன். ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அப்புறம் விளங்கியது. நாலைப் பத்தால் வகுத்தால் புள்ளி நாலு, இரக்கப்பட்டு அதை அரையாக்கியிருக்கிறாள். ஆறை வகுத்தால் புள்ளி ஆறு, பாதிக்கு மேலே என்பதால் ஒன்று. வகுத்தலிலும் தப்பில்லை, முழுதாக்கினதிலும் தப்பில்லை, பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவதுபோலக் கைக்குக் கை, காலுக்குக் கால் நியாயமாகவே போட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சிஸ்டரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள், "இவர் கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளு, நான் பார்த்துத்தான் எழுதுறேன்." சிஸ்டர் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அந்த இடத்தில் அடச்சீ, நான் சொன்னது ஆறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? வாய் இருக்கிறதே, எட்டு ஆளை ஏற்றத் தெரிந்த வாய், ஒரு ஆறை எடுத்து வைக்கத் தெரியவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை... முதல் காரணம், அந்த எண் அழகாக இருந்தது. ஒன்று. படிப்பதைக் கேட்கும்போதே பாதத்தில் பாதி உயிர் வந்ததுபோல இருந்தது, ஒருவேளை அவள் எழுதினதுதான் சரியோ, நான்தான் பழக்க தோஷத்தில் எனக்கே கூட்டிச் சொல்லிக்கொள்கிறேனோ என்றுகூட நினைத்துவிட்டேன், நாற்பத்தொரு வருடம் ஒரு மனுஷனை வகுத்துக்கொண்டே இருந்தால் அவனுக்கே அவன் கணக்கில் சந்தேகம் வராதா? இரண்டாவது காரணம் டாக்டர். பன்னிரண்டு வாரமும் முழு அளவில் போனால்தான் எனக்கு நம்பிக்கை என்று அவர் ஒரு தடவை சொன்னார், என் மார்புக்குள் இருக்கும் அந்தப் புற்றுக்கட்டி பாதிக்கு மேலே சுருங்கியிருக்கிறது, படத்தில் பார்த்தேன், பழுத்த நெல்லிக்காயாக இருந்தது பட்டாணியாகிவிட்டது, அதைப் பட்டாணியோடு விட்டுவிட முடியுமா? ஆறு என்று சொன்னால் அளவைக் குறைப்பார்கள், எட்டு என்று சொன்னால் நிறுத்துவார்கள், நிறுத்தினால் பட்டாணி மறுபடி... காலைக் காப்பாற்றி ஆளை விடுவதா, ஆளைக் காப்பாற்றிக் காலை விடுவதா? இந்தக் கேள்விக்கு எந்தப் பித்தானை அழுத்துவது? மூன்றாவது காரணத்தை யாரிடமும் சொல்லமாட்டேன், எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். நான் ஆறு என்று சொல்லி, அவள் அதையும் அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் வகுத்திருந்தால், என்னால் தாங்கியிருக்க முடியாது.

ஊசி ஏறி அரைமணி ஆகிவிட்டது, மருந்துப் பை மெல்ல இளைத்துக்கொண்டிருக்கிறது, மேலே விளக்கு, கீழே பளபளவென்று துடைத்த தரை, மூலையில் ஐஸ் பெட்டியின் மூடி திறந்து மூடுகிற சத்தம். கை மரத்திருக்கிறது. இது ஐஸின் மரப்பா, மருந்தின் மரப்பா? இதுதான் இந்த வைத்தியத்தில் இருக்கிற பெரிய வேடிக்கை, திருடனைப் பிடிக்க அதே முகமூடி போட்ட காவலாளியை வைத்திருக்கிறார்கள், எவன் எவன் என்று உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. கழற்றின அரைமணியில் ஐஸின் மரப்பு போய்விடும், முதல் நாலைந்து வாரம் அப்படித்தான் போனது, ஊசிக்குத்துபோலக் குறுகுறுத்துக்கொண்டு உயிர் திரும்பி வரும், அந்தக் குறுகுறுப்பே ஒரு சந்தோஷம். அப்புறம் ஒரு வாரம் சுண்டுவிரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. சரி, வழியில் தங்கிவிட்டன, நாளைக்கு வரும் என்று இருந்தேன். சலூன்காரரிடம் கேட்டேன், உங்களுக்கு ஏன் இந்த உறை மாட்டவில்லை என்று. "முதல் நாளே கழட்டி வீசிட்டேன் அண்ணே, தாங்க முடியல. இப்ப நினைச்சா..." என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், மெலிந்த நீளமான விரல்கள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கத்தரிக்கோல் பிடிப்பதுபோல வைத்தார், திறந்தார், மூடினார், "பாக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு இல்ல? ஆனா பிடிச்சிருக்கேனா இல்லையான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். போன மாசம் ஒருத்தர் காதுல கீறிட்டேன். நல்ல மனுஷன், பரவாயில்லன்னாரு. அதுக்கப்புறம் கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டேன்." நான் உடனே ஒரு கதை எடுத்துவிட்டேன், என் முடியை வெட்டப்போய் மூன்று கத்தரிக்கோல் முறிந்த கதை, அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். ஆனால் அந்தத் திறந்து மூடின இரண்டு விரல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இன்றைக்குக் கீழே இருந்து வரும்போதும் அப்படித்தான் ஒன்று நடந்தது. இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் பழசு, முதல் வாரமே ஏறி நின்றவுடன் இவளிடம் சொன்னேன், மூன்றாம் மாடி தாண்டும்போது வலது தண்டவாளத்தில் ஒரு இணைப்பு தூக்கியிருக்கிறது பார், கால் கூசுகிறது என்று, அவள், "ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்துலயும் வேலையா?" என்றாள். பிறகு ஒவ்வொரு வாரமும் மூன்றாம் மாடி வந்ததும் நான் கண்ணைச் சிமிட்டுவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எங்களுக்குள் ஒரு விளையாட்டு. இன்றைக்கு எண் விளக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று மாறிவிட்டது. என் காலுக்குக் கீழே ஒன்றுமே நடக்கவில்லை. சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்படப் போனேன், அப்போது பார்த்தால் பக்கத்தில் நின்ற ஒரு பெண் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இவளும் சுவரில் கை ஊன்றியிருக்கிறாள், "என்னங்க இப்படித் தூக்கிப் போடுது" என்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தூக்கிப் போட்டிருக்கிறது. லிஃப்ட் கூண்டின் மேல் வெறுங்காலோடு முப்பத்தெட்டு வருடம் நின்றவனுக்கு மட்டும் தெரியவில்லை. "ஆமா ஆமா, எத்தனை வாரமா சொல்றேன்" என்று சமாளித்தேன். குரல் கொஞ்சம் பிந்தி வந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதற்குள் கதவு திறந்துவிட்டது. எந்தப் பாதத்தைக் கொண்டு நான் ஊருக்கெல்லாம் அளந்தேனோ அது இப்போது இரண்டு உறைக்குள் உறைந்துகிடக்கிறது, காப்பாற்றுவதற்காகவாம், காப்பாற்ற உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று திறந்து பார்க்க யாருக்கும்... போகட்டும். சாயந்திரம் குளியலறையில் அளந்தால் எட்டு வரும் என்று நினைக்கிறேன். எட்டு வந்தால் என்ன, நோட்டில் ஒன்றுதான். எட்டுக்கும் ஒன்று, ஒன்பதுக்கும் ஒன்று, பத்துக்கும் ஒன்று. இனி எவ்வளவு மோசமானாலும் ஏறாத எண். இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும்? சிரிக்கத்தான் பார்த்தேன்.

உறை மாற்றுகிற நேரம். நாற்பது நிமிடத்தில் கூழ் இளகிவிடும், புதிதாக உறைந்த ஜோடியை மாட்டவேண்டும். சிஸ்டர் அந்தக் கோடியில் ஒரு பெரியவரின் கையில் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தாள், இவள் நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, "நானே மாத்துறேன் சிஸ்டர், பழகிடுச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கை. பிறகு வலது கால். பிறகு இடது காலின் உறையை உருவினாள், உருவினவள் கை அப்படியே நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வகிடு மட்டும்தான், நாற்காலியின் கால்மணை என் பாதத்தை மறைத்திருந்தது, வகிட்டில் புதிதாக நரைத்த ஒரு கோடு, அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணலாமா என்று பார்த்தேன். தலை நிமிரவே இல்லை. "என்ன டீச்சர், விடைத்தாளா திருத்துற? பாஸ் போட்டு விடு" என்றேன்.  அவள் குரல் கேட்டது, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனிடம் கேட்கிற குரல், மெதுவாக, "இப்ப எங்க தொடுறேன், சொல்லுங்க." நான் காத்திருந்தேன், ஏதாவது வரும் என்று. "இன்னும் தொடலையே." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இப்ப?" என்றாள். ஏதோ ஒன்றைச் சொல்லவேண்டுமே, இல்லாவிட்டால் தோற்றுவிடுவேனே, "கட்டைவிரல்!" என்றேன் கம்பீரமாக, பீரோவோடு சேர்த்து நிறுத்தின அதே கட்டைவிரல். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்திக் காட்டினாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு, துவரம்பருப்பு அளவு, அதன் ஒரு முனை சிவப்பு. இன்னொரு கையில் காலையில் நான் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்த பருத்தி உறை, குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தம், ஓரம் காய்ந்து பழுப்பாகி, நடுவில் இன்னும் ஈரம்.

காலையில் தம்ளர் உடைந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிடித்திருக்கவில்லை, அவ்வளவுதான், தரையில் சிதறிய பிறகுதான் கைக்குத் தகவல் வந்தது. "கை சொல்லாம விட்டுடுச்சு" என்றேன், அவள், "கை சொல்லல, வாய் சொல்லுது" என்று முனகிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள், நான் அந்தப் பக்கமாக வெறுங்காலோடு நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து உறையை மாட்டிக்கொண்டேன். அப்படியானால் அங்கிருந்து காருக்கு நடந்தது, காரிலிருந்து வாசலுக்கு நடந்தது, பதிவு மேசைக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றது, லிஃப்டில் நின்றது, எல்லாம் இதன் மேல்தானா? குதிகாலில் ஒரு கண்ணாடியைக் குத்தி வைத்துக்கொண்டா நான் எட்டு ஆளை இறக்கிவிட்டேன்? அவள் இப்போது சில்லைப் பிடுங்கியிருக்கிறாள், அதுகூடவா எனக்கு... ஐஸ், ஐஸ்தான் காரணம் என்று உடனே ஒரு எண்ணம் ஓடிவந்தது, ஆனால் காலையில் ஐஸ் இல்லையே. வீட்டில் ஐஸ் இல்லை. வாசலில் ஐஸ் இல்லை. அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. "ஒண்ணுமில்ல, சின்னக் கீறல்" என்றேன் நான், ஆமாம், நான்தான், ஒன்றைக் குறைத்துச் சொன்னேன், ஆயுளில் முதல் தடவையாக நான் வகுத்தேன், அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை, "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அந்தப் பெண் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, எனக்கு மட்டும் மெதுவாக. சிஸ்டர் குழாயின் திருகை மூடினாள், சொட்டுவது நின்றது, பை பாதியில் நின்றது. "ரத்த அணு குறைஞ்சிருக்கிற நேரம், காயம்னா உடனே பார்க்கணும், டாக்டர் வரட்டும், அதுவரைக்கும் மருந்து வேண்டாம்" என்றாள், குதிகாலைக் கழுவினாள், ஏதோ எரிகிற திரவம் ஊற்றினாள், எரியும் என்று அவள் முகம் முன்கூட்டியே சுருங்கியது, எனக்கு எரியவில்லை, அவள் முகம் என் முகத்துக்காகச் சுருங்கிக்கொண்டிருந்தது. சலூன்காரர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தவிர ஒன்றுமில்லை. என் மடியிலிருந்து நோட்டை எடுத்தாள் இவள். பையிலிருந்து ரப்பர் எடுத்தாள். சிஸ்டர் பார்த்துவிட்டு, "அழிக்கக்கூடாதும்மா, பக்கத்துல எழுதுங்க" என்றாள், இவள் ரப்பரை உள்ளே வைத்துவிட்டு, அரை என்று எழுதின இடத்தில் நேராக ஒரு கோடு அடித்தாள், அளவுகோல் வைத்ததுபோல நேர்க்கோடு. "ஏழாவது வாரம் என்ன சொன்னீங்க?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நாலு. நாலு என்று எழுதினாள். "போன வாரம்?" ஆறு. எழுதினாள். ஒவ்வொரு எண்ணும் முழுதாகப் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்தது, பெரிதாக, எனக்கே பயமாக இருந்தது. "இன்னைக்கு?"

நான் யோசித்தேன். சொன்னால் சொன்னதுதான் என்று புரிந்தது. இத்தனை வருடம் நான் எதை வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது ஏனென்றால் அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள், எத்தனை பெரிதாக விழுந்தாலும் பிடிக்கிற ஒரு கை, அதை நம்பித்தானே குதித்தேன், இப்போது அவள் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், என் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதப்போகிறாள். நம்பமாட்டாளா என்று நாற்பத்தொரு வருடம் ஏங்கினவன் நான்தானா? ஒன்று என்று சொல்லிவிடலாமா, பட்டாணியை நினைத்து? நின்றுபோன பையை நினைத்து? அவள் பென்சில் முனை கட்டத்துக்குள் தயாராக இருந்தது, ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். "எட்டு" என்றேன். என் காதுக்கு அது பதிவேட்டுக் குரலாகக் கேட்டது. அவள் வகுப்பாள் என்று காத்திருந்தேன், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தயவுசெய்து வகு என்றுகூட உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. எட்டு என்று எழுதினாள். சிஸ்டர் நோட்டைக் குனிந்து பார்த்தாள், நாலு, ஆறு, எட்டு, மறுபடி மேலேயிருந்து கீழே, பிறகு இவளைப் பார்த்தாள், கோபமில்லை, குழப்பம்தான், "காலையில ஒண்ணுன்னு இருந்துச்சேம்மா? ஐயா கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாருன்னு நீங்கதானே சொன்னீங்க. டாக்டர் கேட்டா நான் எதைச் சொல்றது?" பஞ்சு சுற்றின என் குதிகால் இவள் மடியில் இருந்தது. அவள் உள்ளங்கை அதைப் பிடித்திருந்தது, பிடித்திருப்பது எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது.

"வகுத்தது நான் சிஸ்டர். இவர் சொன்னது எல்லாம் நடந்திருக்கு, சொன்ன அளவுக்கே நடந்திருக்கு."